கிராஸ்னோவ் போன வழியில்: தோல்மெட்ஸோ முதல் யூடன்பர்க் வரை

மே 28, சனி – தோல்மெட்ஸோ

உதினேயிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போது நல்ல மழை. மூன்று பக்கமும் மலை, நடுவில் ஊர். இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இருக்கும் இந்த மலைநாட்டுக்குக் கார்னியா என்று பெயர். வெனிஸுக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

நான் வந்தது ஒரு ரஷ்யத் தளபதியின் கடைசி மாதங்களைத் தேடி. பியோத்தர் கிராஸ்னோவ். 1869-ல் பீட்டர்ஸ்பர்கில் பிறந்தவர். ஜாரின் குதிரைப்படையில் ஜெனரல், 1918-ல் டான் ஆற்றுப் பகுதிக் கொசாக்குகளின் (ஜாருக்குக் குதிரைவீரர்களாகச் சேவை செய்த மக்கள்) அத்தமான், அதாவது தலைவர், பிறகு இருபது வருடங்களுக்கு மேல் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் அகதி. வெளிநாட்டில் இருந்தபோது நாவல்கள் எழுதிப் புகழும் பெற்றார். 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் நாட்டின்மீது பாய்ந்தபோது அதை வெளிப்படையாக வரவேற்றார். அதை மறந்துவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது. 1944-ல் நாஜிகள் அமைத்த கொசாக் தலைமை நிர்வாகத்துக்கு அவர்தான் தலைவர்.

ரஷ்யக் கொசாக்குகள் இத்தாலி மலைக்கு வந்தது எப்படி? 1943 தொடக்கத்தில் ஜெர்மானியப் படை தெற்கு ரஷ்யாவின் டான், குபான், தேரெக் பகுதிகளிலிருந்து பின்வாங்கியபோது, ஸ்டாலின் ஆட்சிக்குப் பயந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் கட்டிக்கொண்டு கூடவே கிளம்பின. பெலாரஸில் நோவோகுருதோக் பக்கம் கொஞ்ச காலம் இருந்தார்கள். 1944 கோடையில் அங்கேயும் சோவியத் செஞ்சேனை நெருங்க, ஜெர்மானியர்கள் அவர்களை ரயிலேற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்கும் மேல். கூடவே ஆயிரக்கணக்கில் குதிரைகள். இழந்த நிலம் திரும்பக் கிடைக்கும், அதுவரை வேறு இடத்தில் நிலம் தருகிறோம் என்று 1943 நவம்பர் 10-ல் ஜெர்மானிய ராணுவத் தலைவர் கைட்டலும் நாஜி அமைச்சர் ரோசன்பர்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குறுதியை நம்பி வந்தவர்கள். அந்த நிலம் வேறு யாருடைய ஊர் என்பதைப் பற்றி இருவருக்குமே கவலை இல்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு ஃப்ரிகோ. மொன்டாசியோ சீஸைத் துருவி, உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்த்து, இரும்புச் சட்டியில் இரண்டு பக்கமும் முறுகும்வரை வார்க்கிறார்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் கத்தி வைத்தால் இழுபடுகிறது. பக்கத்தில் மக்காச்சோளக் களி. 11 யூரோ. பரிமாறிய அம்மா நான் தட்டை முடிக்கும்வரை நகராமல் நின்று பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி களி வைத்துவிட்டுப் போனார்.

மே 29, ஞாயிறு – வெர்ட்ஸேனிஸ்

ஞாயிற்றுக்கிழமை மேலே போகிற பஸ் இல்லை. நடந்தேன். தல்யமென்டோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஏற்றம் தொடங்கிவிடுகிறது. ஆறு என்றால் அகலமாக வெள்ளைக் கூழாங்கல் பரப்பு, அதன் நடுவே நாலைந்து கிளையாகப் பிரிந்து ஓடும் பச்சைத் தண்ணீர். மழை விட்டு வெயில் அடித்தது. பாதி ஏற்றத்தில் வலது செருப்பின் வார் அறுந்தது. பையிலிருந்த கயிற்றைக் கட்டி நடந்ததில் குதிகாலில் கொப்புளம்.

வில்லா தி வெர்ட்ஸேனிஸ் சின்ன கிராமம். புல்வெளியில் கல்லும் இரும்புமாக நவீனச் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளூர்க்காரர் ஒருவர் சேர்த்து வைத்த கலைப் பூங்கா. கிராஸ்னோவ் 1945 பிப்ரவரியில் மனைவி லிதியாவோடு வந்து தங்கியது இந்த ஊரில், ஸ்டெல்லா டோரோ என்ற விடுதியில். அப்போது அவருக்கு 75 வயது. படைகளை நேரடியாக நடத்தியது திமஃபேய் தமானோவ் என்ற மற்றொரு அத்தமான். கிராஸ்னோவ் எல்லோரும் வணங்குகிற பெரியவர். பழைய ரஷ்யாவின் நினைவாக வைத்திருந்த ஆள்.

இந்த மனிதரின் வாழ்க்கையில் கொடுத்த வாக்கும் மீறிய வாக்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. 1917 அக்டோபரில் லெனின் ஆட்சியைப் பிடித்ததும், தப்பி வந்த பிரதமர் கெரென்ஸ்கி இவரிடம்தான் போய் நின்றார். கையிலிருந்த சில நூறு கொசாக்குகளை வைத்துக்கொண்டு கிராஸ்னோவ் தலைநகரை நோக்கி நகர்ந்தார். புல்கோவோ மேட்டில் தோற்றார், பிடிபட்டார். போல்ஷெவிக்குகள் சுடவில்லை. இனி உங்களுக்கு எதிராக ஆயுதம் எடுக்க மாட்டேன் என்ற வாக்கை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அவர் நேராக டான் பகுதிக்குப் போனார். 1918 மே மாதம் நோவோசெர்காஸ்கில் அத்தமானாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உக்ரைனில் இருந்த ஜெர்மானியப் படைக்குக் கோதுமை கொடுத்துத் துப்பாக்கியும் குண்டும் வாங்கினார். கைசர் வில்ஹெல்முக்கே கடிதம் எழுதினார். ஜாரிட்சின் நகரை முற்றுகையிட்டார், பிடிக்க முடியவில்லை. ஜெர்மனி போரில் தோற்றதும் அவர் பிடியும் தளர்ந்தது. போல்ஷெவிக் எதிர்ப்புப் படைத் தளபதி தெனிகினோடு ஒத்துப்போகாமல் 1919 பிப்ரவரியில் பதவி விலகினார். போல்ஷெவிக்குகளுக்கு எதிராக யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொள்வது என்ற அந்தப் பழக்கம்தான் இருபத்தைந்து வருடம் கழித்து அவரை இந்த ஊரில் கொண்டுவந்து நிறுத்தியது என்று எனக்குத் தோன்றுகிறது.

திண்ணை மாதிரி ஒரு கல் மேடையில் உட்கார்ந்து கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பாட்டி பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எண்பதைத் தாண்டிய வயது. பேரன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னான். கொசாக்குகளைப் பற்றிக் கேட்டதும் பாட்டி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அப்போது தனக்கு நினைவு தெரியாத வயது, அம்மா சொன்னதுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"சமையலறையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் மாட்டுக்கொட்டிலில் படுத்தோம். ஒரு கொசாக் கிழவி ரொட்டி சுட்டால் முதல் துண்டு எனக்குத்தான் தருவாளாம். ஆனால் பசுவுக்குச் சேர்த்து வைத்த காய்ந்த புல் மொத்தத்தையும் அவர்கள் குதிரை தின்றுவிட்டது. பசுவை விற்றோம். அவர்களும் பசித்தவர்கள்தான், தம்பி. ஆனால் எங்கள் வீட்டிலல்லவா பசியாறினார்கள்."

காபி கொடுத்தார். காசு எடுத்ததும் கையைப் பிடித்துத் திருப்பிப் பையிலேயே போட வைத்தார். கிளம்பும்போது வாசல் மரத்துச் செர்ரியில் ஒரு பை.

மே 30, திங்கள் – அலெஸ்ஸோ

காலையில் பஸ். ஏரிக்கரையில் இருக்கும் அலெஸ்ஸோவிலிருந்து ஊர்க்காரர்களை வெளியேற்றிவிட்டுக் கொசாக்குகள் குடியேறினார்கள். ஊருக்கு நோவோசெர்காஸ்க் என்று தங்கள் தலைநகரின் பெயரையே வைத்தார்கள். இன்று பார்க்க எதுவும் இல்லை. 1976 மே 6-ல் வந்த பூகம்பம் இந்த வட்டாரத்தையே தரைமட்டமாக்கியது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நிற்பதெல்லாம் அதற்குப் பிறகு கட்டிய வீடுகள். ஏரித் தண்ணீர் மட்டும் கண்ணாடிப் பச்சை. கால் வைத்தால் விறைக்கிறது.

மதியம் வில்லா சன்டினா வழியாக ஓவாரோ. 1945 மே 2, கொசாக்குகள் ஆஸ்திரியா பக்கம் பின்வாங்கத் தொடங்கிய நேரம். சரணடையச் சொன்ன பார்ட்டிசான்களுக்கும் (நாஜிகளை எதிர்த்த இத்தாலியக் கெரில்லாக்கள்) அவர்களுக்கும் இங்கே சண்டை மூண்டது. முடிவில் ஊர் மக்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பங்குச் சாமியாரும் அதில் ஒருவர். போர் முடிய இன்னும் சில நாள்தான். 1944 கோடையில் இந்தப் பள்ளத்தாக்குகளைப் பார்ட்டிசான்கள் விடுவித்து, குடும்பத் தலைவிகளும் வாக்களித்த ஒரு சுதந்திர நிர்வாகத்தை நடத்தினார்கள். இத்தாலியில் பெண்களுக்கு அதுவரை வாக்குரிமையே கிடையாது. அக்டோபரில் அதை நசுக்க ஜெர்மானியர்கள் பயன்படுத்திய கை கொசாக் கை. கொசாக்குகளின் சோகத்தை மட்டும் எழுதுகிறவர்கள் ஓவாரோவுக்கு ஒருதரம் வந்து போக வேண்டும்.

கார்னியாவில் வெகுகாலம் ஒரு நம்பிக்கை இருந்தது: கிராஸ்னோவ் ஆஸ்திரியாவுக்குப் போகவே இல்லை, பின்வாங்கும்போது வில்லா சன்டினா பக்கம் சுடப்பட்டுச் செத்தார், அங்கேயே புதைத்தார்கள் என்று. மாஸ்கோவில் தூக்கிலிட்ட செய்தி வந்த பிறகும் மக்கள் அதை விடவில்லை.

ராத்திரிக்குச் சார்சோன்ஸ். அரைவட்டமாக மடித்து வேகவைத்த மாவுப் பண்டம். உள்ளே கீரை, உலர்திராட்சை, பட்டை; மேலே உருக்கிய வெண்ணெயும் புகையிட்ட ரிகோட்டாவும். இனிப்பா காரமா என்று நாக்கு முடிவுக்கு வருவதற்குள் தட்டு காலி. 13 யூரோ.

மே 31, செவ்வாய் – ப்ளோக்கன் கணவாய்

ஆஸ்திரிய எல்லை தாண்ட நேரடி பஸ் கிடைக்கவில்லை. விடுதியில் சொல்லி ஒரு கார்க்காரரை ஏற்பாடு செய்தேன். பேசியது 90 யூரோ. பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, மேலே பனிமூட்டம், 120 தந்தால்தான் ஏறும் என்றார். வேறு வழி? கொடுத்தேன். பிறகு பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினார்.

டிமாவில் நிறுத்தச் சொன்னேன். முதல் உலகப் போரில் மேலே முகட்டில் இருந்த வீரர்களுக்குக் குண்டும் ரொட்டியும் முதுகுக் கூடையில் சுமந்து ஏறிய கார்னியாப் பெண்களுக்கு இங்கே நினைவிடம் இருக்கிறது. அவர்களில் மரியா ப்ளோட்ஸ்னர் மென்டில் 1916-ல் சுடப்பட்டு இறந்தவர். அவர்கள் ஏறிய அதே மலைக்குத்தான் 1945 மே முதல் வாரத்தில் கொசாக் வண்டிகள் ஏறின.

டிமாவைத் தாண்டியதும் சாலை மடிந்து மடிந்து ஏறுகிறது. பாறையைக் குடைந்த சுரங்கங்கள், அவற்றுக்குள்ளேயே கொண்டை ஊசி வளைவு. உச்சி 1,357 மீட்டர். ஜூன் பிறக்கப்போகிறது, நிழல் விழும் சரிவில் இன்னும் பனித் திட்டுகள். இறங்கி நின்றேன். ஐந்து நிமிடத்தில் காது வலித்தது. கொசாக்குகள் ஏறிய அன்று கீழே மழையாக இருந்தது மேலே பனியாகக் கொட்டியிருக்கிறது. சாமான், கைக்குழந்தை, பெரியவர்கள், பின்னால் கட்டிய மாடு எல்லாவற்றோடும் மைல் கணக்கில் வண்டி வரிசை. மலையைத் தாண்டினால் பிரிட்டிஷ் படை, பிரிட்டிஷ்காரர்கள் கண்ணியமானவர்கள், ரஷ்ய உள்நாட்டுப் போரில் நம்மோடு நின்றவர்கள்: இந்த நம்பிக்கைதான் அவர்களை ஏற்றியது. அந்த வருடம் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 6. மலையைக் கடந்த கையோடு பாதையோரத்திலேயே கொண்டாடினார்கள்.

அந்தப் பக்கம் இறங்கினால் கோட்ஷாக்-மவுதன். எல்லாம் ஒழுங்கு, ஜன்னல்தோறும் ஜெரேனியம் பூ. தங்கிய வீட்டில் சூடேற்றும் கருவி வேலை செய்யவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னதும் மூன்று கம்பளியும் ஒரு கோப்பை சூடான சூப்பும் வந்தன.

ஜூன் 1, புதன் – லீன்ஸ்

கெயில்பெர்க் மேட்டைத் தாண்டி ஓபர்டிராவ்பர்க், அங்கிருந்து ரயிலில் லீன்ஸ். இந்தத் தேதியில் இங்கே இருக்க வேண்டும் என்றுதான் பயணத்தையே இப்படி அமைத்தேன்.

ஊர் நடுவே ஈஸெல் ஆறு டிராவ் ஆற்றோடு சேர்கிறது. பெயரளவில்தான் டிராவ் பெரியது. தண்ணீர் அதிகம் கொண்டுவருவது ஈஸெல். பனியாறுகளிலிருந்து நேராக இறங்குகிற தண்ணீர், சாம்பல் கலந்த பச்சை. மே, ஜூனில் பனி உருகும்போது வேகம் பயங்கரம். கரையிலிருந்து ஒரு காய்ந்த கிளையை எறிந்து பார்த்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது.

சேர்ந்த ஆற்றின் ஓரமாகக் கிழக்கே நடந்தால் பெகெட்ஸ். இப்போது தொழிற்பேட்டை: கிடங்குகள், லாரிகள். பக்கத்தில் சைக்கிள் பாதை, வண்ண உடுப்பில் ஆட்கள் பறக்கிறார்கள். நடுவே மரங்களுக்குள் சின்னக் கல்லறைத் தோட்டம், ஒரு சிறிய ஆர்த்தடாக்ஸ் கோயில்.

1945 மே 28-ல் பிரிட்டிஷ் ராணுவம் இங்கே முகாமிட்டிருந்த கொசாக் அதிகாரிகள் அனைவரையும், 1,500 பேர் அளவில், லாரிகளில் ஏறச் சொன்னது. ஃபீல்டு மார்ஷல் அலெக்சாண்டரோடு மாநாடு என்றார்கள். மனைவிமார் கேட்டதற்கு, மாலைக்குள் திரும்பிவிடுவார்கள் என்று வாக்குக் கொடுத்தார்கள். கிராஸ்னோவும் ஏறினார். அலெக்சாண்டர்மேல் அவருக்கு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். 1919–20-ல் பால்டிக் பகுதியில் போல்ஷெவிக்குகளை எதிர்த்துப் படை நடத்தியவர் அல்லவா அலெக்சாண்டர்? அங்கே கிராஸ்னோவும் போல்ஷெவிக் எதிர்ப்புத் தளபதி யுதேனிச்சின் படையோடு இருந்தார்.

யாரும் திரும்பவில்லை. தலைவர்களை இழந்த முகாம் ஜூன் 1 காலை இந்த மைதானத்தில் கூடியது. பாதிரியார்கள் பலிபீடம் அமைத்துப் பூசை வைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் நடுவில், சுற்றிலும் இளைஞர்கள் கைகோர்த்து நின்றார்கள். வீரர்கள் துப்பாக்கிக் கட்டையாலும் கோடரிக் காம்பாலும் அடித்துக் கூட்டத்தைப் பிரித்து லாரியில் தூக்கிப் போட்டார்கள். நெரிசலில் வேலி உடைந்தது. மிதிபட்டுச் செத்தவர்கள் உண்டு. ஓடிப்போய் நான் பார்த்த இந்த ஆற்றில் குதித்தவர்கள் உண்டு. அவர்களில் குழந்தையைக் கட்டிக்கொண்டு குதித்த தாய்மாரும் இருந்தார்கள். ஏவலை நிறைவேற்றிய பிரிட்டிஷ் வீரர்கள் சிலரே அழுதுகொண்டு செய்தார்கள் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். அடுத்தடுத்த நாட்களில் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ரயிலேறினார்கள்.

இன்று காலை கல்லறையில் கொஞ்சம் பேர் கூடியிருந்தார்கள். பாதிரியார் நீட்டி நீட்டிப் பாட, மெழுகுவர்த்தி காற்றில் அணைந்து அணைந்து போனது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தன் மெழுகுவர்த்தியிலிருந்து என்னுடையதை ஒவ்வொரு தடவையும் ஏற்றிக் கொடுத்தார். யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. சிலுவையில் நீலம், மஞ்சள், சிவப்பு நாடா: 1918-ல் கிராஸ்னோவ் அத்தமானாக இருந்தபோது டான் நாட்டுக்கு வைத்த கொடியின் நிறங்கள். முடிந்ததும் எல்லோருக்கும் வேகவைத்த கோதுமையில் தேன் கலந்து ஒரு கரண்டி.

மாலையில் ஷ்லிப்ஃக்ராப்ஃபன் சாப்பிட்டேன், 14 யூரோ. உருளைக்கிழங்கு அடைத்த அரைவட்டம். மலைக்கு அந்தப் பக்கம் தின்ற சார்சோன்ஸின் உறவு என்று பார்த்ததுமே தெரிகிறது.

ஜூன் 2, வியாழன் – யூடன்பர்க்

களைப்பான நாள். தண்டவாள வேலை என்று ஷ்பிட்டாலோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். மாற்றுப் பேருந்துக்கு ஒன்றரை மணி நேரம் மழையில் நின்றோம். ஒரு கல்லூரிப் பெண் தன் குடையை என் பக்கம் நீட்டிப் பாதி நனைந்தபடி நின்றாள்.

அதிகாரிகளை 28-ம் தேதி கொண்டுவந்து முள்வேலிக்குள் அடைத்தது இதே ஷ்பிட்டாலில். அன்று மாலை உண்மையைச் சொன்னார்கள்: நாளைக் காலை சோவியத் படையிடம் ஒப்படைக்கப் போகிறோம். ராத்திரியில் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். கிராஸ்னோவ் உட்கார்ந்து பிரெஞ்சு மொழியில் மனு எழுதினார். நாங்கள் எந்நாளும் சோவியத் குடிமக்கள் அல்ல என்பது அதன் சாரம். அது பொய்யல்ல. 1945 பிப்ரவரியில் யால்டாவில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி திருப்பி அனுப்ப வேண்டியது சோவியத் குடிமக்களைத்தான். 1920-லேயே வெளியேறிய கிராஸ்னோவை ஒப்படைக்கும் கடமை பிரிட்டனுக்கு இல்லை. அன்று சேர்த்து அனுப்பப்பட்ட கொசாக் தளபதி ஆந்த்ரேய் ஷ்குரோவுக்கு உள்நாட்டுப் போரின்போது பிரிட்டிஷ் அரசே பட்டம் கொடுத்திருந்தது.

கிராஸ்னோவ் ஹிட்லருக்குத் துணை போனவர். அதற்காக அவரை விசாரித்துத் தண்டிக்க நியாயம் இருந்தது. ஓவாரோ மக்களுக்கு அந்த உரிமை இருந்தது. ஆனால் மாநாடு என்று சொல்லி ஏமாற்றி, சட்டம் கேட்காத ஆளையும் சேர்த்துக் கொடுத்ததில் ஓவாரோவைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. இதை நான் கார்னியாவுக்குப் போய்விட்டு வந்தும் சொல்வேன், பெகெட்ஸில் நின்றுவிட்டு வந்தும் சொல்வேன்.

யூடன்பர்க் வந்து சேரப் பிற்பகல் நாலு. இரும்பு ஆலை ஊர். பள்ளத்தில் மூர் ஆறு. 1945-ல் இந்த ஆறுதான் எல்லை: ஒரு கரையில் பிரிட்டன், மறு கரையில் செஞ்சேனை. மே 29-ல் லாரிகள் பாலத்தைத் தாண்டின. கீழே குதித்தவர்களும் உண்டு. பாலத்தில் பத்து நிமிடம் நின்றேன். லாரிகள் போகும்போது தரை அதிர்கிறது. பக்கத்துக் கடையில் பால் காபியும் ஆப்பிள் பலகாரமும் 7 யூரோ 20. ஈரச் சட்டையைப் பார்த்த கடைக்காரர் கணப்பு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்று ஒப்படைக்கப்பட்டவர்களில் கிராஸ்னோவ் குடும்பத்தார் நால்வர். மாஸ்கோவில், சிறைக் குளியலறையில், கிழவரும் அவருக்கு உறவுமுறையில் பேரனான நிக்கலாயும் கடைசியாகச் சந்தித்தார்கள். நீ பிழைப்பாய், பார்த்ததை எழுது என்று தாத்தா சொன்னதாக நிக்கலாய் எழுதியிருக்கிறார். கிராஸ்னோவ், ஷ்குரோ, தமானோவ், சுல்தான் கிளிச்-கிரேய், உறவினர் செம்யோன் கிராஸ்னோவ், ஜெர்மானியத் தளபதி ஃபான் பன்விட்ஸ் ஆகிய ஆறு பேருக்கும் 1947 ஜனவரி 16-ல் தூக்கு. கிராஸ்னோவுக்கு 77 வயது. நிக்கலாயும் சோவியத் குடிமகன் அல்ல; குழந்தையாக இருந்தபோதே ரஷ்யாவை விட்டு வந்தவர். பத்து வருடம் முகாம்களில் கிடந்து, 1955 கடைசியில் வெளியே வந்து, ஸ்வீடன் போய்ச் சேர்ந்து, தாத்தா கேட்டபடி எழுதினார்.